கோழியும் காய்கறியும் ஒரே தட்டில்: ஓடிஜியா, ஏர் ஃப்ரையரா, மைக்ரோவேவா, இரும்புச் சட்டியா?

போன வருஷம் மாமாவுக்கு எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) எட்டு சதவீதத்தைத் தாண்டியது. மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. டாக்டர் சொன்னது ஒரே வரிதான்: "ராத்திரிக்கு மாவுச்சத்தைக் குறைங்க." மதுரையில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் சிரிப்புதான் வரும். இட்லி, தோசை, பரோட்டா, இடியாப்பம் என்று எங்கள் ராத்திரிச் சாப்பாட்டில் மாவைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சட்னி. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர்.

வாரத்தில் மூன்று ராத்திரி, கோழியையும் காய்கறியையும் ஒன்றாகப் போட்டு பேக் செய்வது என்று வீட்டில் முடிவானது. செய்வது சுலபம், எண்ணெய் கொஞ்சம், அடுப்படியில் நிற்க வேண்டாம். எதில் செய்வது என்பதில்தான் இழுபறி. நான் யோசிக்காமல் ஓர் ஏர் ஃப்ரையரை வாங்கினேன். பெட்டியில் 4.2 லிட்டர் என்று போட்டிருந்தது. நாலு பேருக்கு 4 லிட்டர் போதாதா என்று நினைத்துவிட்டேன். முதல் நாள் ஆறு தொடைத் துண்டும் அரைக் காலிஃப்ளவரும் கூடை நிறையப் போட்டு 25 நிமிடம் வைத்தேன். மேலே இருந்த இரண்டு துண்டு மட்டும் சிவந்திருந்தது. அடியில் கிடந்தவை வெளிறி, நீர் கோத்து, காலிஃப்ளவர் குழைந்து கிடந்தது. அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏம்மா, பிள்ளை பெத்தவளுக்குப் போடுற பத்தியக் கறி மாதிரியில்ல இருக்கு" என்றார்.

அத்தை சொன்னது சரியான கணிப்பு. அன்றைக்கு நடந்தது பேக்கிங் இல்லை, அவியல். கோழியும் காய்கறியும் சூடானால் தண்ணீர் விடும். மேற்பரப்பில் அந்தத் தண்ணீர் இருக்கிற வரைக்கும் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நாம் ஆசைப்படும் சிவப்பும் வாசமும் வருவதற்கு 140, 150 டிகிரி வேண்டும். ஆகவே துண்டுகளுக்கு நடுவே காற்று போய்வர இடம் இருக்கிறதா, எழும் ஆவி வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடைக்காரர் சொல்லும் லிட்டர் கணக்கு உயரத்தையும் சேர்த்துத்தான். கோழித்துண்டை நாம் அடுக்கி வைக்கப் போவதில்லையே!

அடுத்து வாங்குவதற்கு முன் அளவுகோலை எடுத்தேன். எலும்போடு இருக்கும் ஒரு தொடைத் துண்டைப் பலகையில் விரித்து வைத்தால் 10 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 80 சதுர செ.மீ. ஆறு துண்டுக்கு 480. காய்க்கு இன்னொரு 400 வேண்டும். என் ஏர் ஃப்ரையர் கூடை பக்கத்துக்கு 20 செ.மீ., மொத்தமே 400. அதாவது கோழி மட்டுமே கூட இடிக்காமல் கொள்ளாது. அக்கா வீட்டுக் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவின் (சூடான காற்றாலும் பேக் செய்யும் வகை) கண்ணாடித் தட்டு 30 செ.மீ. விட்டம், சுவரில் முட்டாமல் சுழல வேண்டுமென்பதால் அதன்மேல் வைக்கக் கூடிய தட்டு 28 செ.மீ.தான், 615 சதுர செ.மீ. எங்கள் பழைய இரும்புச் சட்டியின் அடி 26 செ.மீ.; 530. எதிர்வீட்டு ஓடிஜி, அதாவது ஓவன் டோஸ்டர் கிரில்லர், 30 லிட்டர். அதன் தட்டு 34க்கு 26, அதாவது 884. நெருக்கித்தான் இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே அடுக்கில் அமரும். இந்த நாலு எண்ணைத் தாளில் எழுதியதுமே பாதி முடிவு வந்துவிட்டது. மீதியைச் சமைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஏர் ஃப்ரையரைக் குறை சொல்லி ஒதுக்க முடியாது. பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியபோதே அது எண்ணெயில்லாத பொரியலுக்கான சாதனம் என்றுதான் பேசப்பட்டது. உள்ளே இருப்பது ஒரு சூட்டுக் கம்பி, அதன் மேல் வேகமான விசிறி, சுற்றிலும் சின்ன இடம். சூடாக மூன்று நிமிடம் போதும். தோலோடு மூன்று தொடையை இடைவெளி விட்டு வைத்து, 190 டிகிரியில் 22 நிமிடம், நடுவில் ஒரு தரம் திருப்பினால், தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். அந்த மொறுமொறுப்பு வேறெதிலும் வராது. கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். நாலு பேருக்கு என்றால் இரண்டு தடவை போட வேண்டும். முதல் ஈடு ஆறிப் போய் உட்கார்ந்திருக்கும். இன்னொரு குறை இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. கூடையின் அடி ஓட்டை. கோழியின் கொழுப்பும் மசாலாவும் ஒழுகிக் கீழ்த் தட்டுக்குப் போய்விடும். காய் தனியாக வறண்டு கிடக்கும். ஒரே தட்டில் செய்வதன் ருசியே கோழி விடும் சாற்றைக் காய் குடிப்பதுதான் என்றால், இது அந்த ருசியைக் கழித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவை அக்கா வீட்டில் இரண்டு ஞாயிறு பார்த்தேன். முதல் ஞாயிறு அக்கா மைக்ரோ அலையும் சூடான காற்றும் சேர்ந்து ஓடும் 'காம்பி'யில் வைத்தாள், சீக்கிரம் ஆகும் என்று. ஆனது. ஆனால் மைக்ரோ அலை உள்ளிருக்கும் தண்ணீரைத்தான் முதலில் சூடாக்கும். கோழி சாற்றைக் கக்கிவிட்டது. தட்டில் ரசம் மாதிரி நின்றது. அடுத்த ஞாயிறு வெறும் கன்வெக்‌ஷனில், 200 டிகிரியில், உயரமான கம்பி ஸ்டாண்டின் மேல் தட்டை வைத்து 45 நிமிடம். நன்றாகவே வந்தது. கதவுக் கண்ணாடியில் ஆவி முத்து முத்தாக நின்றதால், 20ஆம் நிமிடமும் 30ஆம் நிமிடமும் கதவைத் திறந்து ஆவியை விட்டோம். அவ்வளவுதான் வித்தை. வீட்டில் ஏற்கெனவே இது இருந்தால் புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் பால் சுட வைக்கவும் பாப்கார்னுக்கும் மட்டும் இதை வைத்திருக்கிறார்கள். கன்வெக்‌ஷன் பொத்தானை ஒருநாள்கூட அழுத்தியிருக்க மாட்டார்கள். பேக்கிங்குக்காகவே புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் இதற்குக் கொடுக்கும் காசு அதிகம்.

இரும்புச் சட்டியைப் பற்றி இரண்டு வரி போதும் என்று நினைத்தேன், முடியவில்லை. ருசியில் அதுதான் முதலிடம். சட்டியை நன்றாகக் காய வைத்து, ஒரு கரண்டி கடலெண்ணெய் விட்டு, தொடையின் தோல் பக்கத்தைக் கீழே வைத்து அசைக்காமல் எட்டு நிமிடம் விட வேண்டும். தானாகச் சட்டியை விட்டு எழும்பும்போது திருப்பி, ஓரத்தில் காயை இறக்கி, மூடி போட்டு 12 நிமிடம் சிறு தீ, பிறகு மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் தண்ணீர் சுண்டும் வரை. இலக்கணப்படி இது பேக்கிங் ஆகாது. ஆனால் பேக்கிங்கில் நாம் தேடுகிற எல்லாம் இதில் இருக்கிறது. காசு செலவில்லை, கரண்ட் போனாலும் கவலையில்லை. ஒரே தொந்தரவு, நாலு பேருக்கு இரண்டு சட்டி வேண்டும், அரை மணி நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆறரை மணிக்கு ஆபீஸ் விட்டு வந்து, பஸ் கசகசப்போடு அந்த அனலில் நிற்பதற்கு எனக்குத் தெம்பில்லை. அத்தைக்கு இருக்கிறது, ஆனால் அவரை நிற்க வைக்க எனக்கு மனசில்லை. குக்கரில் கேஸ்கட்டைக் கழற்றி, அடியில் உப்பைக் கொட்டி ஓவன் மாதிரி ஆக்கும் முறை கேக்குக்கு ஓடும். கோழிக்கு மேல்சூடு கிடையாததால் வெளுத்துப் போகும். தண்ணீரில்லாமல் காய்ந்து காய்ந்து குக்கரும் வீணாகும். அது வேண்டாம்.

கடைசியில் ஓடிஜிதான் வாங்கினோம். மேலும் கீழும் கம்பி, நடுவில் தட்டு, கதவு இறுக்கமாக மூடாததால் ஆவி தானாகவே வெளியேறுகிறது. விசிறி இருப்பதாகப் பார்த்து எடுத்தோம். விசிறி ஓடும்போது குறிப்பில் சொல்லும் டிகிரியிலிருந்து 20ஐக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறை இல்லாமலில்லை: சூடாக 10, 12 நிமிடம் எடுக்கிறது. எங்கள் ஓடிஜியில் பின்பக்க வலது மூலை சீக்கிரம் கருகுகிறது, அதனால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்கிறேன். வெளிப்புறமும் கை சுடும் அளவு காய்வதால் சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி வைக்க வேண்டும். எங்கள் மேடையில் மிக்சியைக் கிளப்பித்தான் இதற்கு இடம் பிடித்தோம். இன்னொன்று, பிளக். 1,600 வாட் சாதனம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும். மேடைமேல் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். 1,500 வாட் ஏர் ஃப்ரையருக்கும் இதே கதைதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி வைத்திருப்பவர்கள் ஒரு தரம் அந்த வயரைத் தொட்டுப் பார்க்கவும்.

கரண்ட் பில்லை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. ஓடிஜி சூடாகும் நேரத்தையும் சேர்த்து 50 நிமிடம் ஓடினாலும், தெர்மோஸ்டாட் இடையிடையே நின்று போவதால் ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் வரும். ஏர் ஃப்ரையரில் இரண்டு ஈடு போட்டால் அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவே. வாரம் மூன்று நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். நம் ஊரில் இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், இது பில்லை எங்கே கொண்டு போய் விடும் என்பது உங்கள் வீட்டு ஏசியைப் பொறுத்த விஷயம்.

சாதனத்தைவிடவும் பெரிய முடிவு, எந்தக் கறி என்பது. நெஞ்சுக்கறியா தொடையா? சர்க்கரைக்காரர் வீட்டில் எல்லோரும் நெஞ்சுக்கறி போன்லெஸ்ஸைத்தான் சொல்வார்கள். வெந்த நெஞ்சுக்கறி 100 கிராமில் புரதம் 31 கிராம், கொழுப்பு 4க்குள். தோலில்லாத தொடையில் புரதம் 25ஐ ஒட்டி, கொழுப்பு 10 வரை. தாளில் நெஞ்சுக்கறி ஜெயிக்கிறது. தட்டில் தோற்கிறது. கோழியின் உள்சூடு 74 டிகிரி தொட்டால்தான் கிருமி பயமில்லாமல் சாப்பிடலாம். நெஞ்சுக்கறி அதைத் தாண்டி ஐந்து டிகிரி போனாலே பஞ்சாகிவிடும். தொடையில் இருக்கும் சவ்வு சூடு ஏற ஏறத்தான் இளகும். 80, 85 வரை போனாலும் மெத்தென்றுதான் இருக்கும். காலிஃப்ளவர் சிவக்க 30 நிமிடமாவது வேண்டும். அந்த நேரத்தைத் தாங்குகிற கறி தொடைதான். மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாட்டில் கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும் என்பது வேறு. மாமாவுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையும் இருப்பதால் அவர் துண்டில் மட்டும் தோலை எடுத்துவிடுவேன். அதைப் பேக் ஆன பிறகு எடுங்கள். அதுவரை அந்தத் தோல் கறியைக் காய விடாமல் காக்கும்.

நாட்டுக்கோழி கேட்காதீர்கள். பிராய்லர் ஆறு வாரத்தில் வெட்டுக்கு வருவது, அதன் கறி இளசு. மாதக்கணக்கில் மேய்ந்த நாட்டுக்கோழியை 40 நிமிடம் ஓடிஜியில் வைத்தால் பல்லுக்குத்தான் வேலை. கடையில் நான் கேட்பது, "பாய், தொடை மட்டும் ஆறு, தோலோட, வெட்டாம முழுசா." ஒவ்வொரு தடவையும் கத்தியை ஓங்கிவிட்டு, "குழம்புக்கு இல்லையாம்மா?" என்பார்.

இன்னொரு விஷயம்: எலும்பை ஒட்டி லேசாகச் சிவப்பு தெரிந்தால் வேகவில்லை என்று பதறாதீர்கள். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறம் அது. நன்றாக வெந்த பிறகும் நிற்கும். நிறத்தை நம்பாமல், குத்திப் பார்க்கும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்த வேண்டும். இந்தப் பட்டியலில் காசுக்கு அதிகம் உழைப்பது அதுதான்.

காய்க்கு வருவோம். மாவுச்சத்தை மட்டும் பார்த்தால் சுரைக்காய், சௌசௌ, காளான் எல்லாம் உத்தமம். ஆனால் தட்டில் குளம் கட்டிவிடும். 100 கிராமுக்கு காலிஃப்ளவரிலும் குடைமிளகாயிலும் 5 கிராம், பீன்ஸில் 7, வெங்காயத்தில் 9, கேரட்டில் 10. உருளையில் 17, சர்க்கரைவள்ளியில் 20. கேரட்டை விரோதியாகப் பார்க்க வேண்டியதில்லை, ஒன்று போட்டால் குடி முழுகாது; உருளையைத்தான் விட வேண்டும். முட்டைக்கோஸை அடித்தண்டோடு துண்டமாக வெட்டி வைத்துப் பாருங்கள், ஓரம் கருகி இனிப்பு ஏறும். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பிரமாதம், கடைசி 20 நிமிடத்துக்கு மட்டும்.

காலிஃப்ளவரில் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பூச்சிக்குப் பயந்து மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்கி எடுப்போம். முக்குவது தப்பில்லை, அப்படியே தட்டில் போடுவதுதான் தப்பு. ஒவ்வொரு பூவும் இடுக்கு இடுக்காகத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் முக்காமல், தலைகீழாகத் துணியில் கவிழ்த்து, ஃபேனுக்கு அடியில் 20 நிமிடம் விடுங்கள். கோழியையும் அப்படித்தான்: கழுவினால் துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். வெளிநாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் கோழியைக் கழுவவே கூடாது, கிருமி தெறிக்கும் என்கின்றன. நம் கறிக்கடை மரக்கட்டையைப் பார்த்தவர்களுக்கு அது முடியாத காரியம். குழாயைச் சீறவிடாமல் பாத்திரத்தில் அலசி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுகிறேன்.

மசாலாவுக்கு 100 கிராம் கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகும் சீரகமும் இடித்தது, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய். கடைப் பாக்கெட் சிக்கன் 65 மசாலா வாங்குவதானால் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் சோள மாவோ அரிசி மாவோ சேர்ந்திருக்கும். எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள். தயிரும் புளிப்பும் பட்டால் அலுமினிய ஃபாயில் பொத்துப் போகும், அதனால் தட்டில் பட்டர் பேப்பர்தான் விரிக்கிறேன். கோழி மட்டும் முதலில் 200 டிகிரியில் 10 நிமிடம், பிறகு காலிஃப்ளவர் 300 கிராம், பீன்ஸ் 100, பெரிய வெங்காயம் ஒன்று. அது ஆன 10 நிமிடத்தில் குடைமிளகாய் 200 கிராம். மொத்தம் 40 நிமிடம். இந்த முழுத் தட்டின் மாவுச்சத்தையும் நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 12, 13 கிராம். ஒரு கப் சோற்றில், 150 கிராமில், அதுவே 42.

இதை ஆரம்பிக்கும் முன் மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று ராத்திரி மாவுச்சத்தைக் குறைத்தால் தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு, அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே. சிறுநீரகத்தில் பிரச்சினை இருந்தால் புரதத்துக்கே அளவு உண்டு. மாமாவுக்கு ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கிய பிறகுதான் நாங்கள் தொடங்கினோம்.

ஆக, இரண்டு பேர் என்றால் ஏர் ஃப்ரையர். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் இருக்கிறவர்கள் அதிலேயே, கதவைத் திறந்து திறந்து. நிற்கத் தெம்பும் நேரமும் உள்ளவர்களுக்கு இரும்புச் சட்டி. நாலு பேரும் அதற்கு மேலும் என்றால் விசிறி வைத்த 30 லிட்டர் ஓடிஜி, அதுவும் கடையில் தட்டை வெளியே எடுத்து அளந்து பார்த்த பிறகு. ஒரே லிட்டர் போட்ட இரண்டு மாடலில் தட்டு இரண்டு விரல் வித்தியாசப்படுவதை நானே பார்த்தேன். கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பரவாயில்லை.

என் ஏர் ஃப்ரையர் இப்போது அத்தையின் வசம். சாயங்காலம் வேர்க்கடலை வறுக்கிறார். பேக் செய்கிற ராத்திரிகளில் தட்டின் அடியில் ஒட்டிய மசாலாச் சாற்றை வழிப்பதற்கென்று அவருக்கு மட்டும் தனியாக ஒரு சப்பாத்தி சுட்டாக வேண்டும். மாமா அதைப் பார்த்தால் அத்தை, "டாக்டர் சொன்னது உங்களுக்கு, எனக்கில்ல" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.